கேஸ் மாத்திரையும் புராஸ்டேட் வீக்கமும்: கடையில் கேட்கும் கேள்விகள்

நான் மருந்தாளுநர். மருந்துக்கடை கவுன்ட்டரில் நிற்கிறேன். ஐம்பதைத் தாண்டிய ஆண்கள் கொண்டுவரும் சீட்டுகளில் இரண்டு மாத்திரைகள் அடிக்கடி சேர்ந்தே வரும். காலையில் வெறும் வயிற்றில் பான்டபிரசோல் (பேச்சில் 'பான்'), இரவு சாப்பிட்டபின் டாம்சுலோசின். முதலாவது வயிற்று அமிலத்துக்கு, இரண்டாவது புராஸ்டேட்டுக்கு. கொஞ்ச நாளாக இந்த இரண்டையும் முடிச்சுப் போட்டுப் பலர் கேட்கிறார்கள். சிலர் பயந்துபோய் மாத்திரையையே நிறுத்திவிட்டு வந்து நிற்கிறார்கள். அதனால்தான் இதை எழுதுகிறேன். கேள்விகளை அவர்கள் கேட்ட வார்த்தைகளிலேயே வைத்திருக்கிறேன்.

"கேஸ் மாத்திரை சாப்பிட்டா புராஸ்டேட் வீங்கும்னு வாட்ஸ்அப்ல வந்துச்சே தம்பி, நெசமா?"

நிரூபிக்கப்படவில்லை. ஆனால் முழுக்கக் கட்டுக்கதையும் இல்லை. இந்த மாத்திரைகள் உடம்பில் ஒரு வேதிப்பொருளின் அளவை மாற்றக்கூடும், அது சிறுநீர்ப் பாதையின் தசைகளைத் தொடக்கூடும் என்று ஆய்வகத்தில் ஒரு தடயம் கிடைத்திருக்கிறது. மனிதர்களில் அப்படித்தான் நடக்கிறதா என்பது வேறு கேள்வி. கீழே விரிவாகச் சொல்கிறேன்.

இதைப் படித்துவிட்டு யாரும் இன்றைக்கே மாத்திரையை நிறுத்த வேண்டாம். சிலருக்கு நிறுத்துவது ரத்தக்கசிவில் போய் முடியும். அது யார் யார் என்பதும் கீழே வருகிறது.

"கேஸ் மாத்திரைன்னா எல்லாம் ஒண்ணுதானே?"

இல்லை. மூன்று வகை இருக்கிறது. முதல் வகை, இருக்கிற அமிலத்தை அங்கேயே முறிப்பவை. ரோஸ் கலரில் பாட்டிலில் வரும் ஆன்டாசிட், தண்ணீரில் போட்டால் பொங்கும் தூள் எல்லாம் இதில் சேரும். இரண்டாவது, அமிலம் சுரக்கச் சொல்லும் ஹிஸ்டமின் சமிக்ஞையை மறிப்பவை: சிமெடிடின், ரானிடிடின், ஃபமோடிடின். மூன்றாவது, அமிலத்தை வெளியே தள்ளும் பம்ப்பையே பூட்டிவிடுபவை: ஒமெப்ரசோல், பான்டபிரசோல், ரபிப்ரசோல், எசோமெப்ரசோல், லான்சோப்ரசோல். பெயர் 'ப்ரசோல்' என்று முடிந்தால் இந்த வகை என்று நினைவு வைத்துக்கொள்ளலாம். இவற்றைச் சுருக்கமாக பி.பி.ஐ. என்பார்கள்.

வாட்ஸ்அப்பில் சுற்றும் பேச்சு மூன்றாவது வகையைப் பற்றியது. ஒமெப்ரசோல் 1988-ல் சந்தைக்கு வந்தது. நாலு வாரம், எட்டு வாரம் கொடுப்பதற்கென்று வந்த மருந்தை இன்று பலர் நாலு வருடம், எட்டு வருடம் என்று போட்டுக்கொண்டிருக்கிறார்கள். இந்தக் கேள்வி இவ்வளவு பெரிதானதற்கு அதுதான் காரணம்.

"புராஸ்டேட் வீக்கம்னா கேன்சரா?"

இல்லை. புராஸ்டேட் என்பது ஆண்களுக்குச் சிறுநீர்ப்பையின் கீழே, சிறுநீர்க் குழாயைச் சுற்றி இருக்கும் சுரப்பி. இளம் வயதில் சுமார் 20 மில்லி, ஒரு சின்ன நெல்லிக்காய் அளவு. வயது ஏற ஏறப் பெருக்கும். 51 முதல் 60 வயதுக்குள் ஏறக்குறைய பாதி ஆண்களுக்கும், 80-ஐத் தாண்டினால் பத்தில் எட்டுப் பேருக்கு மேலும் இந்த மாற்றம் இருப்பதைப் பிரேதப் பரிசோதனைகளில் கண்டிருக்கிறார்கள். அதாவது கேஸ் மாத்திரையைக் கண்ணால்கூடப் பார்க்காதவருக்கும் இது வரும்.

இதற்கு முதல் காரணம் வயதும் ஆண் ஹார்மோனும்தான். டெஸ்டோஸ்டிரோன் புராஸ்டேட்டுக்குள் போய் இன்னும் வீரியமான டி.எச்.டி. ஆக மாறி, சுரப்பியை வளர்க்கிறது. ஃபினாஸ்டரைடு, டூடாஸ்டரைடு மாத்திரைகள் அந்த மாற்றத்தைத் தடுப்பவை. தொல்லை இரண்டு விதமாக வரும். சுரப்பி பெருத்துக் குழாயை நெருக்குவது ஒன்று. சுரப்பியிலும் சிறுநீர்ப்பையின் கழுத்திலும் உள்ள தசை இறுகிப் பிடிப்பது இன்னொன்று. இந்த இரண்டாவதை மனதில் வைத்துக்கொள்ளுங்கள், அடுத்த பதிலுக்கு வேண்டும்.

"வயித்துக்குப் போடற மாத்திரை அங்க போய் என்ன செய்யும்? ரெண்டுக்கும் என்ன சம்பந்தம்?"

நடுவில் இருப்பது நைட்ரிக் ஆக்சைடு. இது ஒரு வாயு. ரத்தக்குழாய்ச் சுவர்களும் சில நரம்பு நுனிகளும் இதை மிகச் சிறிய அளவில் உண்டாக்குகின்றன. இங்கே நமக்கு வேண்டிய வேலை ஒன்றுதான்: தசையைத் தளர்த்துவது. இதயம், ரத்தக்குழாய்களில் இதன் பங்கைக் கண்டுபிடித்ததற்காக 1998-ல் மூன்று பேருக்கு நோபல் பரிசு கிடைத்தது. சிறுநீர்ப்பையின் கழுத்தையும் புராஸ்டேட்டின் தசையையும் தளர்த்துவதிலும் இதற்குப் பங்கு உண்டு. ஆண்மைக் குறைவுக்குத் தரும் டடாலஃபில் மாத்திரையை, தினம் 5 மி.கி. அளவில், புராஸ்டேட் தொல்லைக்கும் தரலாம் என்று அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு 2011-ல் ஒப்புதல் கொடுத்தது. அந்த மாத்திரை நைட்ரிக் ஆக்சைடு செய்யும் வேலையைத்தான் நீட்டித்துத் தருகிறது.

நைட்ரிக் ஆக்சைடு உற்பத்திக்கு நம் உடம்பிலேயே ஒரு தடை இருக்கிறது. ஏ.டி.எம்.ஏ. என்ற பொருள். அது சேரச் சேர உற்பத்தி குறையும். அதைச் சிதைத்து அகற்றுவதற்கென்று டி.டி.ஏ.எச். என்ற நொதி இருக்கிறது. அமெரிக்காவில் ஜான் குக், யோஹன்னஸ் கெப்ரெமரியம் ஆகியோரின் குழு இந்த நொதியோடு வினைபுரியும் பொருள்களைத் தேடி, ஏராளமான வேதிப்பொருள்களைச் சலித்துப் பார்த்தது. அந்தத் தேடலில் எதிர்பாராமல் மாட்டியவை பி.பி.ஐ. மாத்திரைகள். அவை நொதியைத் தடுத்தன. சுண்டெலிகளுக்குக் கொடுத்தபோது ரத்தத்தில் ஏ.டி.எம்.ஏ. ஏறியது. 2013-ல் 'சர்க்குலேஷன்' இதழில் இது வெளியானது. அவர்கள் கவலைப்பட்டது இதயத்தைப் பற்றி. ஆனால் சங்கிலியை நீட்டிப் பார்த்தால் புராஸ்டேட்டிலும் வந்து நிற்கிறது. நொதி தடைபட்டால் ஏ.டி.எம்.ஏ. கூடும், நைட்ரிக் ஆக்சைடு குறையும், தசை தளராது, சிறுநீர் தடைப்படும். புராஸ்டேட் பேச்சின் வேர் இதுதான்.

"இவ்வளவு தெளிவா சொல்றீங்க, அப்ப உறுதின்னுதானே அர்த்தம்?"

இங்கேதான் நிதானம் வேண்டும். சங்கிலியின் ஒவ்வொரு கண்ணியும் தனித்தனியாக உண்மையாக இருக்கலாம். அதனால் கடைசிக் கண்ணி வரைக்கும் இழுவை போய்ச் சேரும் என்று சொல்லிவிட முடியாது. பி.பி.ஐ. மருந்துகள் ரத்தத்தில் அதிக நேரம் தங்குவதில்லை. ஒன்று, ஒன்றரை மணி நேரத்தில் பாதி போய்விடும். வயிற்றில் மட்டும் ஒரு நாள் முழுக்க வேலை செய்யக் காரணம், அங்கே இருக்கும் கடும் அமிலத்தில் உருமாறிப் பம்ப்போடு ஒட்டிக்கொள்வதுதான். புராஸ்டேட்டில் அப்படிப்பட்ட அமிலம் கிடையாது.

அதே குழு பிறகு மனிதர்களிடமும் சோதித்தது. இருபது பேர் அளவிலான சின்ன ஆய்வு. ஒரு கட்டத்தில் லான்சோப்ரசோல், இன்னொரு கட்டத்தில் மருந்தில்லாத வெற்று மாத்திரை என்று மாற்றி மாற்றிக் கொடுத்து, ரத்தக்குழாய் தளர்வதை அளந்தார்கள். கணக்கில் எடுத்துக்கொள்ளும்படி வித்தியாசம் இல்லை. 2015-ல் அந்த முடிவு வந்தது. சின்ன ஆய்வு, குறுகிய காலம், அதனால் இதோடு கதை முடிந்தது என்று சொல்ல மாட்டேன். ஆனால் வாட்ஸ்அப் செய்திகளில் 2013 மட்டும் வருகிறது, 2015 வருவதே இல்லை. அது நியாயமில்லை.

"நான் கண்ணால பாக்கறேன், எங்க தெருவுல பான் போடற பெரியவங்க எல்லாருக்கும் யூரின் பிரச்சினை இருக்கே?"

நீங்கள் பார்ப்பது உண்மை, நானும் தினம் பார்க்கிறேன். ஆனால் அதே தெருவில் வெள்ளெழுத்துக் கண்ணாடி போட்ட பெரியவர்களையும் எண்ணிப் பாருங்கள். அவர்களிலும் பெரும்பாலோருக்கு யூரின் பிரச்சினை இருக்கும். கண்ணாடியா புராஸ்டேட்டை வீங்க வைத்தது? வயது இரண்டையும் சேர்த்துக் கொண்டுவருகிறது. பி.பி.ஐ. விஷயமும் பெரும்பாலும் இப்படித்தான். தொப்பை விழுந்தால் அமிலம் மேலே ஏறும், அதே தொப்பை புராஸ்டேட் தொல்லையோடும் சேர்ந்தே காணப்படுகிறது. மூட்டுவலிக்கு மாத்திரை போடுபவருக்கும் இதயத்துக்கு ஆஸ்பிரின் போடுபவருக்கும் வயிற்றைக் காக்க பி.பி.ஐ. எழுதுவார்கள். இவர்கள் எல்லோரும் வயதானவர்கள்.

இன்னொரு சிக்கலும் இருக்கிறது. மருத்துவரிடம் அடிக்கடி போகிறவருக்கு நோயும் அதிகமாகக் கண்டுபிடிக்கப்படும். நெஞ்செரிச்சலுக்குப் போனவர் "ராத்திரி நாலு தடவை எழுந்திரிக்கிறேன்" என்று ஒரு வார்த்தை சொல்லுவார், ஸ்கேன் எழுதுவார்கள், வீக்கம் தெரியும். மருத்துவரிடமே போகாத பக்கத்து வீட்டுக்காரருக்கும் அதே வீக்கம் இருக்கும், ஆனால் எந்தக் கணக்கிலும் வராது. பழைய மருத்துவப் பதிவுகளைப் புரட்டிச் செய்யும் ஆய்வுகளில் இந்தக் குழப்பத்தை முழுசாகக் களைய முடியாது. மாத்திரை போட்டவர்களுக்குத் தொல்லை அதிகம் என்று அத்தகைய ஆய்வு சொன்னால், "சேர்ந்து இருக்கிறது" என்று மட்டும் படியுங்கள். "இதனால் அது" என்று படிக்காதீர்கள்.

"குலுக்கிப் போட்டுப் பிரிச்சு செஞ்ச பெரிய ஆய்வு ஒண்ணுகூட இல்லையா?"

புராஸ்டேட்டுக்கென்று செய்ததில்லை. ஆனால் பி.பி.ஐ.யின் பொதுவான பாதுகாப்புக்கு ஒன்று இருக்கிறது, பெயர் காம்பஸ். 33 நாடுகள், 17,598 பேர். எல்லோரும் இதய, ரத்தக்குழாய் நோயாளிகள். குலுக்கல் முறையில் பாதிப் பேருக்குத் தினம் பான்டபிரசோல் 40 மி.கி., மீதிப் பேருக்கு வெற்று மாத்திரை. சுமார் மூன்று வருடம் கவனித்தார்கள். 2019-ல் முடிவு வந்தது. எலும்பு முறிவு, சிறுநீரக நோய், மறதி நோய், நிமோனியா என்று பழைய பதிவு ஆய்வுகள் பி.பி.ஐ. மேல் சாற்றிய பழிகள் பலவும் இதில் தேறவில்லை. குடல் தொற்று மட்டும் கொஞ்சம் கூடியது: வெற்று மாத்திரைக்காரர்களில் 1.0%, மருந்துக்காரர்களில் 1.4%.

கலந்துகொண்டவர்களின் சராசரி வயது 67-ஐத் தாண்டியது, நாலில் மூன்று பேருக்கு மேல் ஆண்கள். புராஸ்டேட் தொல்லை இருக்கக்கூடிய வயதும் பாலினமும் அப்படியே பொருந்தியிருந்தன. சிறுநீர் அறிகுறிகளையும் சேர்த்துக் கேட்டிருந்தால் நமக்கு இன்று பாதி பதில் கிடைத்திருக்கும். அவர்கள் முன்கூட்டிக் குறித்துவைத்த பட்டியலில் அது இல்லை. எனக்கு இதில் உண்மையிலேயே வருத்தம் உண்டு.

"என் அட்டையில பேருக்குப் பின்னாடி 'டி'ன்னு இருக்கே, அது என்ன?"

இந்தப் பக்கத்தில் ஒரே ஒரு பதிலைத்தான் படிப்பீர்கள் என்றால் இதைப் படியுங்கள். 'டி' என்றால் டோம்பெரிடோன், வாந்தியை அடக்கி வயிற்றை நகர்த்தும் மருந்து. அது புரோலாக்டின் ஹார்மோனைக் கூட்டும். 'எல்' அல்லது 'எல்.எஸ்.' என்றிருந்தால் பெரும்பாலும் லெவோசல்பிரைடு, அதுவும் அப்படியே. சில ஆண்களுக்கு மார்பு வலிக்கும், பெருக்கும், ஆசை குறையும். புரோலாக்டின் மிக அதிகமான எலிகளுக்குப் புராஸ்டேட் பெருத்ததைப் பார்த்திருக்கிறார்கள். மனிதர்களுக்கு அதை வைத்து எதுவும் சொல்ல முடியாது. ஆனால் மாதக்கணக்கில் போட வேண்டிய மருந்துகள் அல்ல இவை என்பது உறுதி.

இதைவிட முக்கியம், வயிற்றுவலிக்கென்று வாங்கிப் போடும் இன்னொரு கூட்டம். டைசைக்ளோமின், ஹையோசின், கிளிடினியம். இவை குடலின் பிடிப்பைத் தளர்த்தும். குடலோடு நிற்காமல் சிறுநீர்ப்பையையும் தளர்த்தும். கழுத்தைத் தளர்த்தினால் நல்லது. ஆனால் இவை தளர்த்துவது பையை, அதாவது சிறுநீரை வெளியே தள்ள வேண்டிய தசையை. முன்னால் வழி நெருக்கமாக இருக்கிறது, பின்னால் தள்ளும் பலமும் போய்விடுகிறது. சிறுநீர் அடைத்துக்கொள்ளும். அடைப்பு உள்ளவர்களுக்கு டைசைக்ளோமின் கொடுக்கக் கூடாது என்று மருந்துக் குறிப்பிலேயே இருக்கிறது. இதற்குச் சுண்டெலி ஆய்வெல்லாம் தேவையே இல்லை, பல காலமாகத் தெரிந்த விஷயம்.

ஒரு பெரியவர் ஒரு நாள் காலையில் வந்தார். உட்காரவும் முடியாமல் நிற்கவும் முடியாமல் தூணைப் பிடித்துக்கொண்டு, "தம்பி, நேத்து ராத்திரியிலருந்து ஒரு சொட்டு வரலை" என்றார். வேட்டிக்கு மேலேயே அடிவயிறு மேடாகத் தெரிந்தது. மருத்துவமனைக்குப் போய் ட்யூப் போட்டு எடுத்தார்கள். அவர் மகன் பையிலிருந்த அட்டைகளைக் காட்டினார். பி.பி.ஐ. அட்டை பழையது, ரெண்டு வருடமாகப் போடுவது. முந்தின நாள் வயிற்றுவலிக்கென்று வாங்கிய அட்டையில் நாலு ஓட்டை விழுந்திருந்தது, டைசைக்ளோமின். அதோடு சளிக்கு ஒரு மாத்திரை. "அந்த பான்தான் இழுத்துவிட்டுடுச்சு" என்றார் மகன். நான் மற்ற இரண்டு அட்டைகளையும் எடுத்து அவர் கையில் கொடுத்தேன்.

"சளி மாத்திரையுமா?"

ஆமாம். மூக்கடைப்பைத் திறக்கும் ஃபினைல்எஃப்ரின், சூடோஎஃபிட்ரின் இரண்டும் சிறுநீர்ப்பையின் கழுத்தை இறுக்கும். தும்மலுக்குச் சேர்க்கும் குளோர்ஃபெனிரமின் பையின் தசையைத் தளர்த்தும். பெரும்பாலான சளி மாத்திரைகளில் இவை சேர்ந்தே இருக்கும். புராஸ்டேட் தொல்லை இருந்தால், சளிக்கு மாத்திரை கேட்கும்போதே "எனக்குப் புராஸ்டேட் இருக்கு" என்று சொல்லுங்கள். வெட்கப்பட்டு மெதுவாகச் சொன்னாலும் சரி, சொன்னால் போதும். தூக்கத்துக்கும் நரம்பு வலிக்கும் தரும் அமிட்ரிப்டிலினுக்கும் இது பொருந்தும்.

"ரானிடிடின்தான் எனக்கு நல்லா கேட்டுச்சு. அதுக்கே மாறிடலாமா?"

வேண்டாம். 2019-ல் ரானிடிடின் மாத்திரைகளில் என்.டி.எம்.ஏ. என்ற, புற்றுநோயை உண்டாக்கக்கூடிய பொருள் இருப்பது தெரிந்தது. வைத்திருக்க வைத்திருக்க, சூடு ஏற ஏற அது கூடியது. 2020 ஏப்ரலில் அமெரிக்காவில் முழுவதும் திரும்பப் பெறச் சொன்னார்கள். இந்தியாவின் அத்தியாவசிய மருந்துப் பட்டியலிலிருந்து 2022-ல் நீக்கினார்கள்.

அதே வகையில் ஃபமோடிடின் இருக்கிறது. லேசான தொல்லைக்குப் பலருக்கு அதுவே போதும். ஒரு எச்சரிக்கை: நீண்ட நாள் அடைப்பால் சிறுநீரகம் பாதித்தவர்களுக்கு இதன் அளவைக் குறைக்க வேண்டும். இல்லாவிட்டால் வயதானவர்களுக்கு மனக்குழப்பம் வரலாம். சிறுநீரகம் எப்படி வேலை செய்கிறது என்று காட்டும் கிரியேட்டினின் ரிப்போர்ட்டை மருத்துவரிடம் காட்டிவிட்டுத் தொடங்குங்கள்.

"சிமெடிடின் ஆண் ஹார்மோனை எதிர்க்குமாம். அப்ப அது புராஸ்டேட்டைச் சுருக்கணுமே?"

யோசித்துக் கேட்ட கேள்வி. சிமெடிடின் 1976-ல் பிரிட்டனில் வந்தது. அதை உருவாக்கிய பணிக்காகவும் பீட்டா பிளாக்கர் பணிக்காகவும் ஜேம்ஸ் பிளாக்குக்கு 1988-ல் நோபல் கிடைத்தது. அது ஆண் ஹார்மோன் உட்காரும் இடத்தில் போய் உட்கார்ந்துகொள்ளும் என்பது உண்மை. நிறைய டோஸ் எடுத்த ஆண்களுக்கு மார்பு பெருத்தது, ஆண்மைக் குறைவு வந்தது, ரானிடிடினுக்கு மாற்றியபின் சரியானது என்று 1983-லேயே எழுதியிருக்கிறார்கள். அதற்காகப் புராஸ்டேட் வைத்தியமாக இதைப் போட முடியாது. பலன் இல்லாமல் பக்கவிளைவு மட்டும் மிஞ்சும். அந்த வேலைக்கென்றே ஃபினாஸ்டரைடு இருக்கிறது.

தவிர, சிமெடிடின் டாம்சுலோசினைக் கல்லீரலில் கரைய விடாது. ரத்தத்தில் டாம்சுலோசின் 44% வரை கூடியதை அளந்திருக்கிறார்கள். எழுந்து நிற்கும்போது தலைசுற்றி விழுவதற்கு அது போதும்.

"பானும் டாம்சுலோசினும் ஒரே நாள்ல போடலாமா? எது எப்போ?"

போடலாம், இரண்டும் ஒன்றை ஒன்று தொந்தரவு செய்வதில்லை. நேரம்தான் முக்கியம். பி.பி.ஐ. சாப்பாட்டுக்கு அரை மணி முன்னால். சாப்பிடும்போதுதான் பம்ப்புகள் விழிக்கும், மருந்து விழித்த பம்ப்பை மட்டுமே பூட்டும். டாம்சுலோசின் சாப்பிட்டு அரை மணி கழித்து, தினம் ஒரே வேளைக்குப் பின். அதை வெறும் வயிற்றில் போட்டால் மருந்து வேகமாக ஏறி ரத்த அழுத்தம் சட்டென்று இறங்கும். இரண்டையும் காலையில் ஒன்றாக விழுங்குபவர்கள் நிறைய. சாப்பிட்டபின் போட்டால் பி.பி.ஐ. பாதி வீண், வெறும் வயிற்றில் போட்டால் டாம்சுலோசினால் தலைசுற்றல்.

"யூரின் இன்ஃபெக்‌ஷனுக்கு மாத்திரை குடுத்தாங்க, வயிறு எரியுது. மேல ஜெல் மருந்து குடிக்கலாமா?"

சேர்த்துக் குடிக்க வேண்டாம். புராஸ்டேட் தொல்லையில் சிறுநீர் முழுசாக வெளியேறாமல் தேங்குவதால் தொற்று வரும். அதற்கு அடிக்கடி எழுதுவது சிப்ரோஃப்ளாக்சசின், லெவோஃப்ளாக்சசின் மாதிரி மாத்திரைகள். ஆன்டாசிட்டில் உள்ள அலுமினியமும் மெக்னீசியமும் இவற்றைப் பிடித்து வைத்துக்கொள்ளும், மருந்து ரத்தத்துக்கே போகாது. சிப்ரோஃப்ளாக்சசின் போட்டு 2 மணி நேரம் கழித்து ஆன்டாசிட் குடிக்கலாம். ஆன்டாசிட்டை முதலில் குடித்துவிட்டால் 6 மணி நேரம் காத்திருக்க வேண்டும். பி.பி.ஐ.க்கு இந்தச் சிக்கல் இல்லை. ஆனால் செஃப்போடாக்சிம் எழுதியிருந்தால் கதை வேறு. வயிற்றில் அமிலம் குறைந்தால் அது சரியாக உள்ளே போகாது. சீட்டு எழுதும்போதே கேஸ் மாத்திரை போடுவதைச் சொல்லிவிடுங்கள்.

"ராத்திரி நாலு தடவை எழுந்திரிக்கிறேன். இது பானாலயா, புராஸ்டேட்டாலயா?"

இரண்டும் இல்லாமலும் இருக்கலாம். மூன்று நாள் ஒரு நோட்டில் எழுதிப் பாருங்கள்: எத்தனை மணிக்குப் போனீர்கள், அளவுக் குவளையில் பிடித்தால் எவ்வளவு இருந்தது. ஒவ்வொரு தடவையும் கொஞ்சம் கொஞ்சமாக வந்தால் அடைப்பு அல்லது பையின் படபடப்பு. ஒவ்வொரு தடவையும் நிறைய வந்தால், இரவில் சிறுநீர் உற்பத்தியே அதிகம் என்று அர்த்தம். சர்க்கரை, கால் வீக்கம், தூக்கத்தில் மூச்சுத் திணறல், உப்பு என்று காரணம் வேறு பக்கம் போகும்.

உப்பைச் சும்மா சொல்லவில்லை. ஜப்பானில் நாகசாகியில் இரவில் எழும் தொல்லை உள்ளவர்களை உப்பைக் குறைக்கச் சொன்னார்கள். ஒரு நாளைக்கு 10.7 கிராமிலிருந்து 8 கிராமுக்கு இறங்கியவர்கள், இரவில் 2.3 தடவை எழுந்தது 1.4 ஆனது. 2017-ல் சொன்ன கணக்கு. இரவு நெஞ்செரிச்சலுக்குப் பொங்கும் தூளைக் கரைத்துக் குடிப்பவர்கள் இதைக் கவனிக்க வேண்டும். அதில் சோடியம் நிறைய, கூடவே ஒரு டம்ளர் தண்ணீர். ஊறுகாயும் அப்பளமும் இரவுச் சாப்பாட்டில் இருந்தால் இன்னும் கூடும்.

"நிறுத்திப் பாத்தேன். ரெண்டு நாள்ல நெஞ்சு பத்தி எரியுது. அடிமையாயிட்டேனா?"

அடிமையாகவில்லை. பம்ப்பைப் பூட்டி வைத்த நாளெல்லாம் வயிறு "அமிலம் போதவில்லை" என்று கேஸ்ட்ரின் ஹார்மோனைக் கூட்டிக்கொண்டே இருந்தது. பூட்டைத் திறந்ததும் அமிலம் முன்னைவிட வேகமாகப் பாயும். டென்மார்க்கில் நெஞ்செரிச்சலே இல்லாத 120 பேரை வைத்து 2009-ல் ஓர் ஆய்வு செய்தார்கள். பாதிப் பேருக்கு எட்டு வாரம் எசோமெப்ரசோல் கொடுத்து, பிறகு அவர்களுக்குத் தெரியாமல் வெற்று மாத்திரைக்கு மாற்றினார்கள். மருந்து எடுத்திருந்தவர்களில் 44% பேருக்கு வயிற்றுத் தொல்லை வந்தது. ஆரம்பத்திலிருந்தே வெற்று மாத்திரை எடுத்தவர்களில் 15% பேருக்குத்தான். நோயே இல்லாதவருக்கே இப்படி.

அதனால் நிறுத்திய ரெண்டு வாரத்தில் வரும் எரிச்சலை வைத்து "எனக்கு இது ஆயுசுக்கும் வேணும்" என்று முடிவு கட்டாதீர்கள். மெல்ல அடங்கும். அதுவரை தேவைப்படும்போது ஆன்டாசிட்டோ ஃபமோடிடினோ போதும்.

"யாரு நிறுத்தவே கூடாது?"

வயிற்றுப் புண்ணில் ரத்தம் வந்த சரித்திரம் உள்ளவர்கள். ஆஸ்பிரின், குளோபிடோக்ரெல், ரத்தம் உறையாமல் இருக்கும் மாத்திரைகள், வலி மாத்திரைகள் ஆகியவற்றில் இரண்டைச் சேர்த்துப் போடும் வயதானவர்கள். உணவுக்குழாயில் கடும் புண் அல்லது பேரட் மாற்றம் (நீண்ட நாள் அமிலம் பட்டு உணவுக்குழாயின் உள்சவ்வு மாறுவது) இருப்பதாக எண்டோஸ்கோப்பியில் சொல்லப்பட்டவர்கள். இவர்களுக்குப் புராஸ்டேட் பற்றிய நிரூபிக்கப்படாத சந்தேகத்தைவிட ரத்தக்கசிவு பல மடங்கு பெரிய ஆபத்து. குளோபிடோக்ரெல் போடுபவர்கள் ஒமெப்ரசோல், எசோமெப்ரசோல் தவிர்த்து பான்டபிரசோல் எடுப்பது நல்லது. அதையும் மருத்துவர்தான் மாற்ற வேண்டும்.

"டாக்டர் நிறுத்தலாம்னுட்டார். யூரின் சரியாகுதான்னு எப்படித் தெரிஞ்சுக்கறது?"

நிறுத்துவதற்கு முன்பே அளந்துகொள்ளுங்கள். ஐ.பி.எஸ்.எஸ். என்று ஏழு கேள்விகள் கொண்ட தாள் இருக்கிறது. ஒவ்வொன்றுக்கும் 0 முதல் 5. மொத்தம் 7 வரை லேசு, 8 முதல் 19 நடுத்தரம், 20 முதல் கடுமை. யூராலஜி மருத்துவரிடம் கேட்டால் தருவார்கள். ஒரு தடவை நிரப்பி, தேதி போட்டு வையுங்கள். நிறுத்தி ரெண்டு மாதம் கழித்து, பழைய தாளைப் பார்க்காமல் மறுபடி நிரப்புங்கள். அந்த ரெண்டு மாதத்தில் வேறு எந்த மாத்திரையையும் சேர்க்கவோ எடுக்கவோ கூடாது, அப்படிச் செய்தால் எது வேலை செய்தது என்று தெரியாது. ஒன்றிரண்டு புள்ளி குறைவதைப் பெரிதாக எடுத்துக்கொள்ள வேண்டாம், இந்தத் தொல்லை தானாகவே ஏறி இறங்கும்.

"கேஸ் மாத்திரை பி.எஸ்.ஏ. டெஸ்ட்டைக் குழப்புமா?"

பி.எஸ்.ஏ. என்பது புராஸ்டேட்டில் உண்டாகும் ஒரு புரதத்தை ரத்தத்தில் அளக்கும் பரிசோதனை. கேஸ் மாத்திரையைப் பற்றிக் கவலைப்படும் முன் ஃபினாஸ்டரைடு, டூடாஸ்டரைடு போடுகிறீர்களா என்று பாருங்கள். அவை பி.எஸ்.ஏ.வை ஏறக்குறைய பாதியாக்கிவிடும். ரிப்போர்ட்டில் 3 என்றிருந்தால் மருத்துவர் அதை 6 என்று படிக்க வேண்டியிருக்கும். முடி கொட்டாமலிருக்கப் போடும் 1 மி.கி. ஃபினாஸ்டரைடுக்கும் இது பொருந்தும். இதைச் சொல்லாமல் விடுபவர்கள்தான் அதிகம். சிறுநீர்த் தொற்று இருக்கும்போதும், ட்யூப் போட்டு எடுத்த கையோடும் பார்த்தால் தப்பாக ஏறிக் காட்டும்.

"சரி, அடுத்த தடவை டாக்டர்கிட்ட என்ன கேக்கட்டும்?"

வீட்டில் இருக்கிற எல்லா அட்டைகளையும், பாதி தீர்ந்த சளி மாத்திரை, வயிற்றுவலி மாத்திரை, யாரோ கொடுத்த தூக்க மாத்திரை வரைக்கும், ஒரு மஞ்சப்பையில் போட்டு எடுத்துப் போங்கள். மேஜையில் கொட்டிவிட்டு மூன்று கேள்வி கேளுங்கள். இந்த கேஸ் மாத்திரையை எதற்காக ஆரம்பித்தார்கள்? அந்தக் காரணம் இன்னும் இருக்கிறதா? பெயரோடு ஒட்டிக்கொண்டிருக்கும் இன்னொரு மருந்து எனக்கு வேண்டுமா? பல சமயம் வெறும் பான்டபிரசோல் போதும், 'டி' தேவைப்படாது. சிலருக்கு 40-க்குப் பதில் 20 மி.கி. போதும்.

ஆனால் அடிவயிறு இறுகி, ஆறேழு மணி நேரமாக முட்டிக்கொண்டு ஒரு சொட்டும் வரவில்லை என்றால் மஞ்சப்பையைத் தேடிக்கொண்டிருக்காதீர்கள். தண்ணீர் குடித்தால் வந்துவிடும் என்று மேலும் குடிக்கவும் வேண்டாம். நேராக அவசரப் பிரிவுக்குப் போங்கள். அட்டைகளை மகனோ மகளோ பின்னாலேயே கொண்டுவரட்டும்.